சுவருக்குக் காப்பும் ஜன்னலுக்குக் காற்றும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஒரு வீட்டின் தரத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கிறோம். கூரை ஒழுகுகிறதா? சுவர் உறுதியாக நிற்கிறதா? இவ்விரண்டுக்கும் தக்க விடை கிடைத்தால் அது நல்ல வீடு என்று முடிவு செய்துவிடுகிறோம். நாம் கேட்கத் தவறும் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. சித்திரை, வைகாசி மாதங்களில் அந்த வீட்டினுள் ஒரு குழந்தையோ, நோயாளியோ, முதியவரோ இரவில் உறங்க முடிகிறதா? இன்றைய உரையில் இந்த ஒரு கேள்வியைப் பற்றியே உங்களுடன் கலந்து பேச விரும்புகிறேன்.

கீற்றுக் குடிசைகள் மெல்ல மெல்ல மறைந்து, காரை வீடுகள் நம் ஊர்களில் பெருகியிருக்கின்றன. 1985-இல் தொடங்கிய இந்திரா ஆவாஸ் யோஜனா, அதன் இடத்தில் 2016-இல் வந்த பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டம், 2024-இல் மாநில அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் ஆகியவற்றால் இலட்சக்கணக்கான குடும்பங்களுக்குத் தீயும் மழையும் அணுகாத வீடுகள் கிடைத்தன. இது பெரிய முன்னேற்றம். குடிசைக்குத் திரும்ப வேண்டும் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் குடிசையில் இல்லாத ஒரு குறை இந்த வீடுகளில் வந்து சேர்ந்திருக்கிறது. அது வெப்பம்.

கோடைக்காலத்தில் நம் தொகுப்பு வீடுகள் இருக்கும் தெருக்களில் இரவு 10 மணிக்கு நடந்து பாருங்கள். வாசலில் கட்டில்கள், திண்ணையில் பாய்கள். வீட்டைக் கட்டிக்கொண்டும் வெளியே படுத்திருக்கிறோம். வெளியே வர இயலாத முதியவரும் பிள்ளை பெற்ற தாயும் உள்ளேயே வெந்துகொண்டிருக்கிறார்கள். இது வெறும் வசதிக் குறைவு அன்று. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவிக்கப்பட்டது. புயலையும் வெள்ளத்தையும் போல வெயிலும் உயிர் பறிக்கும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதைத் தடுக்கும் வேலை வீட்டின் சுவரிலும் ஜன்னலிலும் தொடங்க வேண்டும்.

வெயில் எந்த வழியாக வருகிறது?

முதலில் பகைவன் வரும் வழியை அறிய வேண்டும். திருச்சிராப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். அங்கு ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு நான்காம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே செல்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே சாய்கிறது. தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளிலும் சில நாள் வேறுபாட்டுடன் இதே நிலைதான்.

இதிலிருந்து தெரிவது என்ன? கோடையில் நண்பகல் வெயில் முழுவதையும் தாங்குவது கூரை. காலையில் கீழ்ச் சுவரும் மாலையில் மேலைச் சுவரும் வெயிலை நேருக்கு நேர் வாங்குகின்றன. வடசுவருக்கு வைகாசி, ஆனி மாதங்களில் ஓரளவு வெயில் உண்டு. தென்சுவருக்கு வெயில் படுவது பெரும்பாலும் குளிர் மாதங்களில்தான். ஆகையால் நான்கு சுவர்களுக்கும் ஒரே அளவில் செலவு செய்வது அறிவுடைமை ஆகாது. முதலிடம் கூரைக்கு, அடுத்தது மேலைச் சுவருக்கு, அதற்கடுத்தது கீழ்ச் சுவருக்கு என்று வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

காலை வெயிலைவிட மாலை வெயில் ஏன் கொடியது? காலையில் சுவர் இரவெல்லாம் ஆறிக் குளிர்ந்திருக்கும், காற்றும் தணிந்திருக்கும். மாலையிலோ காற்று ஏற்கெனவே கொதித்திருக்க, அதன்மேல் வெயிலும் சேருகிறது. மேலும், 9 அங்குலச் செங்கல் சுவரின் வெளிப்புறத்தில் பட்ட வெப்பம் உட்புறத்துக்கு வந்து சேர ஏறத்தாழ 6, 7 மணி நேரம் ஆகிறது. பிற்பகல் 3 மணிக்குச் சுவரில் பட்ட வெயில் இரவு 9, 10 மணிக்கு அறைக்குள் இறங்குகிறது. பகலில் வாங்கிய கடனைச் சுவர் இரவில் வட்டியுடன் நம் தலையில் கட்டுகிறது. பொழுது சாய்ந்த பின்னும் வீடு ஏன் தணியவில்லை என்பதற்கு விடை இதுதான்.

கூரையை முதலில் கவனியுங்கள்

நம் பேச்சு சுவரையும் ஜன்னலையும் பற்றியது. ஆனாலும் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பால் செல்ல முடியாது. 15 அடிக்கு 20 அடி உள்ள ஒரு சிறு வீட்டின் கூரை 300 சதுர அடி. 10 அடி உயரமுள்ள அதன் மேலைச் சுவர், வீடு நிற்கும் திசையைப் பொறுத்து, 150 அல்லது 200 சதுர அடிதான். கூரையை விட்டுவிட்டுச் சுவரைப் போர்த்துவது, வாளியின் அடியில் உள்ள ஓட்டையை விட்டு விளிம்பில் உள்ள ஓட்டையை அடைப்பது போன்றதாகும்.

மிக மலிவான வழி, ஆண்டுதோறும் மாசி மாதத்தில் தளத்தைத் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று முறை சுண்ணாம்பு பூசுவது. புதிய வெள்ளைப் பரப்பு தன்மேல் விழும் வெயிலில் பத்தில் ஏழு பங்குக்குக் குறையாமல் திருப்பி அனுப்பிவிடும். பாசி படிந்து கறுத்த தளமோ பெரும்பங்கை விழுங்கிவிடும். மழையில் கரைந்துபோவதால் ஆண்டுதோறும் பூசியாக வேண்டும். அதற்கு அடுத்த வழி, நம் கொத்தனார்கள் பரம்பரையாக அறிந்தது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டு, மேலே தட்டோடு பதிப்பது. இது மழைக்கும் வெயிலுக்கும் ஒருங்கே காப்பு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 300 சதுர அடியில் 3 அங்குலக் கனத்துக்கு இதைப் போட்டால், தட்டோட்டைச் சேர்க்காமலே ஏறத்தாழ 4 டன் பாரம் ஏறும். பழைய தொகுப்பு வீடுகளில் சில இடங்களில் காரை பெயர்ந்து, உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறது. அத்தகைய தளத்தின்மேல் ஒரு கூடை மண்ணையும் ஏற்றக் கூடாது. ஒன்றியப் பொறியாளர் பார்த்து, தளம் தாங்கும் என்று சொன்ன பிறகே பாரம் ஏற்றலாம். அதுவரை சுண்ணாம்பு பூசுவதே பாதுகாப்பானது.

காப்பு வெளியே இருக்க வேண்டும்

இனிச் சுவருக்கு வருவோம். சுவரின் உட்புறத்தில் பலகையோ அட்டையோ ஒட்டி வெப்பத்தைத் தடுக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால், முதலாவதாக, 300 சதுர அடி வீட்டில் இருக்கும் சொற்ப இடமும் குறையும். இரண்டாவதாக, சுவர் அன்றாடம் வெயிலில் காய்ந்து விரிந்து, இரவில் சுருங்கி, வெடிப்பு விட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாவதாக, பலகைக்குப் பின்னால் ஈரமும் கரையானும் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் செல்கிறவன் குடையைத் தலைக்கு மேலே பிடிப்பது போல, சுவரின் காப்பும் வெளியே இருப்பதே முறை. சுவரும் காப்பாற்றப்படும், வீட்டாரும் காப்பாற்றப்படுவார்கள். இதற்கு நான்கு வழிகள் உண்டு. செலவு குறைந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் வழி வெள்ளையடிப்பது. மேலைச் சுவருக்கும் கீழ்ச் சுவருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பே போதும். கரும்பச்சை, காவி, நீலம் முதலிய அடர்ந்த நிறங்களை விரும்புவோர் அவற்றை வடசுவரிலும் உட்புறத்திலும் பூசிக்கொள்ளட்டும்.

இரண்டாம் வழி நிழல். மேலைச் சுவரிலிருந்து ஓர் அடி அல்லது ஒன்றரை அடி தள்ளி மூங்கில் நட்டு, குறுக்கே கழி கட்டி, கொடி ஏற்றுங்கள். தை, மாசியில் விதைத்த பீர்க்கு, சுரை, புடல் ஆகியவை கோடையில் படர்ந்து நிற்கும். ஒரு முறை நட்டால் நெடுநாள் நிற்பது கோவைக்கொடி. குளியலறைத் தண்ணீரை அங்கே திருப்பிவிட்டால் தண்ணீர்ச் செலவும் இல்லை. கொடி சுவரைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரமும் எறும்பும் சுவரில் ஏறும். இடமுள்ளவர்கள் வீட்டிலிருந்து 15 அடிக்கு அப்பால் வேம்பும் புங்கனும் வைக்கலாம். ஆலும் அரசும் வீட்டுக்கருகில் வேண்டா. அவற்றின் வேர் அடித்தளத்தைப் பிளந்துவிடும். மேலைப் பக்கத்தில் தாழ்வாரம் இறக்குவதும் நல்லது. உழவுக் கருவிகளும் உர மூட்டைகளும் வைக்க இடம் கிடைக்கும், சுவருக்கும் நிழல் கிடைக்கும்.

மூன்றாம் வழி இரட்டைச் சுவர். இது புதிதாகக் கட்டுவோருக்கு உரியது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை ஒன்று உண்டு. எலிப்பொறிக் கட்டு என்பது அதன் பெயர். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த கட்டடக்கலை அறிஞர் லாரி பேக்கர் (1917-2007) இதைப் பெரிதும் பரப்பினார். இம்முறையில் செங்கல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சமாகிறது. சுவரின் நடுவில் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தாமதப்படுத்துகிறது. பயிற்சி பெற்ற கொத்தனார் வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

நான்காம் வழி, சுவரின் வெளிப்புறத்தில் காப்புப் பலகை ஒட்டுவது. இது ஜெர்மனியில் 1950-களில் குளிரைத் தடுப்பதற்காகத் தோன்றிய முறை. நாம் தெர்மாக்கோல் என்று சொல்லும் வெண்ணுரைப் பலகையைப் பசைக் கலவையால் சுவரில் ஒட்டி, அதன்மேல் கண்ணாடி இழை வலையைப் பதித்து, பூச்சுப் பூசுகிறார்கள். வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றலில் ஓர் அங்குலத் தெர்மாக்கோல், ஏறத்தாழ 20 அங்குலச் செங்கல் சுவருக்கு ஈடாகும். நகரங்களில் குளிர்சாதனம் பொருத்திய வீடுகளுக்கு இது மிகப் பொருத்தம்.

கிராம வீட்டில் இதைச் செய்ய விரும்புவோர் மூன்று செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். ஒன்று, தெர்மாக்கோல் தீப்பற்றக்கூடியது. 2017 ஜூன் 14 அன்று இலண்டன் நகரில் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் மாண்டனர். வெளிச்சுவரில் பொருத்தியிருந்த எரியக்கூடிய பலகைகள் தீயை மாடிக்கு மாடி ஏற்றிச் சென்றதே அவ்வளவு பெரிய அழிவுக்கு முக்கிய காரணம். வைக்கோற்போரும் விறகும் அடுப்பும் அருகிலுள்ள சுவரில் இதை ஒட்டவே கூடாது. இரண்டு, பலகை தரையைத் தொடாமல் ஓர் அடி மேலே நிற்க வேண்டும். இல்லையேல் மண்ணின் ஈரமும் கரையானும் எலியும் உள்ளே குடிபுகும். மூன்று, கூரைக்கும் மேலைச் சுவருக்கும் நிழல் தந்த பிறகும் வெப்பம் தணியாவிட்டால்தான் இந்தச் செலவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஜன்னல் இன்றிச் சுவர் இல்லை

சுவருக்குக் காப்புப் போட்டால் வீடு குளிர்ந்துவிடும் என்று எண்ணி அத்துடன் நின்றுவிடலாகாது. காப்பு என்பது வெப்பத்தின் போக்கைத் தடுக்கும் வேலி. வெளியிலிருந்து உள்ளே வருவதைத் தடுப்பது போலவே, உள்ளிருந்து வெளியே போவதையும் அது தடுக்கும். சமையல் அடுப்பின் சூடும், மனிதர்களின் உடற்சூடும், பகலில் கதவு வழியாக நுழைந்த அனலும் இரவில் வெளியேற வேண்டுமே! அதற்கு இருக்கும் வழி ஜன்னல் ஒன்றுதான். சுவரைப் போர்த்திவிட்டு ஜன்னலை அடைத்துவைத்தால், நெல் அவிக்கும் அண்டாவுக்கு மூடி போட்டதாகும். ஆகையால் சுவரையும் ஜன்னலையும் ஒன்றாகவே திட்டமிட வேண்டும்.

ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? இதற்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கணக்குச் சொல்கிறது. கதவு நீங்கலாக, சட்டம் உட்பட, ஓர் அறையின் காற்று வாயில்களின் மொத்தப் பரப்பு, வறண்ட வெப்பப் பகுதியில் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும், ஈரமான வெப்பப் பகுதியில் ஆறில் ஒரு பங்குக்கும் குறையக் கூடாது. 10 அடிக்கு 12 அடி அறையின் தரை 120 சதுர அடி. கடற்கரைப் பகுதியில் அதற்கு 20 சதுர அடி ஜன்னல் வேண்டும். 3 அடி அகலமும் மூன்றரை அடி உயரமும் உள்ள இரண்டு ஜன்னல்கள் வைத்தால் கணக்குச் சரியாகும். அவ்விரண்டையும் ஒரே சுவரில் வைப்பதில் பயனில்லை. காற்று நுழைய ஒரு பக்கமும் வெளியேற எதிர்ப்பக்கமும் இருந்தால்தான் அறை வழியே காற்று ஓடும். கூரைக்கு அருகில் ஒரு வெண்டிலேட்டர் இருந்தால், மேலே தேங்கிய சூடான காற்று அதன் வழியே வெளியேறும்.

இப்பொழுது அலுமினியச் சட்டத்தில் இழுத்து மூடும் கண்ணாடி ஜன்னல்கள் பெருகி வருகின்றன. பார்வைக்கு அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டு கதவு கொண்ட இழுப்பு ஜன்னலை முழுவதும் திறந்தாலும் பாதிதான் திறக்கும். மேலும், மேற்குச் சுவரில் நிழலில்லாத கண்ணாடி, மாலை வெயிலை வீட்டினுள் அழைத்து உட்கார வைக்கும். ஆதலால் பழைய ஜன்னலை மாற்றுவோர், இருபுறமும் முழுவதும் திறக்கும் மரக்கதவு அல்லது இரும்புக் கதவு ஜன்னலையே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய சட்டம் உறுதியாக இருந்தால் கதவை மட்டும் செப்பனிட்டாலே போதும். மாற்றுவதெல்லாம் முன்னேற்றம் அன்று.

இன்னொரு முக்கியமான விஷயம். நம் வீடுகளில் ஜன்னல் இருந்தும் இரவில் அடைத்துவைக்கிறோம். காரணம் கொசு, திருட்டுப் பயம், பாம்பு பூச்சி. இரவில் திறக்க முடியாத ஜன்னல் வெறும் சுவருக்குச் சமம். ஆகையால் ஜன்னலுக்குச் செலவு செய்யும்போது உறுதியான இரும்புக் கம்பியும், கழற்றிக் கழுவக்கூடிய கொசுவலைச் சட்டமும் சேர்த்தே கணக்கிடுங்கள். உள்நாட்டு வறண்ட மாவட்டங்களில் காலை 10 மணிக்கு ஜன்னலை மூடி, மாலை வெயில் தாழ்ந்ததும் திறந்து, விடியும் வரை திறந்தே வைப்பது நன்மை தரும். கடற்கரை ஊர்களில் பிற்பகல் கடற்காற்றை உள்ளே விட வேண்டும். அங்கு ஜன்னலை மூடுவதைவிட அதற்கு நிழல் தருவதே முக்கியம். நனைத்த வெட்டிவேர்த் தட்டி வேலூர், கரூர் போன்ற வறண்ட இடங்களில் நன்கு பயன்படும். ஈரக்காற்றுள்ள கடற்கரையில் அதனால் அவ்வளவு பயனில்லை.

மேலைச் சுவரில் ஜன்னலே கூடாது என்றும் கொள்ளலாகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவை, திருப்பூர்ப் பக்கத்துக்கும், செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசிப் பக்கத்துக்கும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்தே வருகிறது. அங்கே மேலை ஜன்னலை அடைத்தால் வெயிலோடு காற்றையும் சேர்த்து அடைத்தவர்கள் ஆவோம். ஜன்னலை வைத்துக்கொண்டு நிழலை மாற்றி அமைக்க வேண்டும். ஜன்னலுக்கு மேலுள்ள வழக்கமான மழைத்தடுப்பு உச்சி வெயிலைத்தான் மறைக்கும். சாய்ந்து வரும் மாலை வெயில் அதன் கீழாகப் புகுந்துவிடும். அதைத் தடுக்க, ஜன்னலுக்கு வெளியே ஓர் அடி தள்ளித் தொங்கும் மூங்கில் தட்டியோ கொடிப்பந்தலோதான் வேண்டும்.

வேலையின் வரிசை

எந்த வேலையும் வரிசை தவறினால் செலவு இரட்டிக்கும். முதலில் ஒரு நாள் முழுவதும் வீட்டைக் கவனியுங்கள். காலை 6, நண்பகல் 12, மாலை 4, இரவு 9 ஆகிய நான்கு வேளைகளில் எந்தச் சுவரில் வெயில் படுகிறது, எந்தச் சுவர் உட்புறம் சுடுகிறது, காற்று எப்பக்கம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒருவர் கட்டம் போட்ட தாளில் வீட்டின் படத்தை வரைந்து, இவற்றைக் குறித்துவிடுவார். ஒரு வெப்பமானியை உள்ளே மாட்டிவைத்தால் இன்னும் நல்லது. வேலைக்குப் பின் அதே வேளைகளில் பார்த்து, செலவழித்த பணத்துக்குப் பலன் கிடைத்ததா என்று அறியலாம்.

இரண்டாவது, நோயைத் தீர்த்த பிறகே போர்வை. சுவரில் வெடிப்பு, தரையிலிருந்து ஏறும் ஈரம், கூரைக் கசிவு ஆகியவை இருந்தால் முதலில் அவற்றைச் சரி செய்யுங்கள். ஈரச் சுவரின்மேல் காப்போ பூச்சோ போட்டால் ஈரம் உள்ளே சிக்கிச் சுவர் உளுத்துவிடும். மண்சுவர் வீடு வைத்திருப்போர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மண்சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சு ஒட்டி நிற்பதில்லை. சுவரின் ஈரத்தையும் வெளியே விடுவதில்லை. சுண்ணாம்புப் பூச்சே மண்ணுக்கு உறவு. உறுதியாக நிற்கும் தடித்த மண்சுவர், வெப்பத்தைத் தாமதப்படுத்துவதில் யாருக்கும் குறைந்ததன்று. நாகரிகம் என்று எண்ணி அதை இடித்துவிட வேண்டா.

மூன்றாவது கூரை வேலை. நான்காவது ஜன்னல். ஐந்தாவதுதான் சுவரின் வெளிப்பூச்சு அல்லது காப்பு. ஜன்னலுக்கு முன் சுவரைப் பூசினால், பிறகு சட்டம் பொருத்தும்போது பூச்சை உடைக்க நேரிடும். உடைத்து ஒட்டிய இடத்தில் முதல் மழையிலேயே நீர் இறங்கும். காப்பு வைத்தால் சுவர் ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ தடிக்கும். அதற்கேற்ப ஜன்னலின் அடித்தட்டு, புதிய சுவர் முகத்துக்கு வெளியே நீண்டு, வெளிச்சரிவுடன், அடிப்பக்கம் நீர் சொட்டும் காடியுடன் அமைய வேண்டும். மழைநீர்க் குழாய், மின்கம்பி, மின்அளவி ஆகியவற்றை எங்கே மாற்றி வைப்பது என்பதையும் முன்னரே முடிவு செய்ய வேண்டும். ஜன்னலை அகலப்படுத்துவதானால் மேலேயுள்ள உத்திரக் கட்டையையும் நீட்டியாக வேண்டும். சுவர்தான் கூரையைத் தாங்குகிறது என்பதை மறவாதீர்கள். பொறியாளரைக் கேளாமல் கடப்பாரையை எடுக்கக் கூடாது.

மலைப் பகுதிக்கு ஒரு சொல்

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு முதலிய மலைப்பகுதிகளில் பிரச்சினை நேர்மாறானது. அங்கே வீட்டின் சூடு வெளியேறாமல் காக்க வேண்டும். வெளிச்சுவர்க் காப்பும் இடுக்கில்லாமல் மூடும் ஜன்னலும் அங்கு உண்மையில் பயன் தரும். ஆனால் இடுக்கெல்லாம் அடைத்த அறையில் கரி அடுப்பு மூட்டிக்கொண்டு உறங்குவது உயிருக்கு ஆபத்து. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே மாண்டுபோவார். ஜன்னலை மாற்றும் மலைவாசிகள் அடைக்காத காற்றுத் துளை ஒன்றை விட்டுவைக்க வேண்டும். அறைக்குள் கரி அடுப்பு கூடவே கூடாது.

ஊராட்சியின் கடமை

இதுவரை சொன்னவை ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியவை. ஊராட்சி செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு குடியிருப்பில் எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். வரைபடம் ஒன்று, அளவு ஒன்று, செலவும் ஒன்று. ஆனால் ஒரு வரிசைக்கு முன்சுவர் மேற்குப் பார்த்தது. எதிர்வரிசைக்குப் பின்சுவர் மேற்குப் பார்த்தது. ஒன்றில் வாசலும் ஜன்னலும் மாலை வெயிலில் வேகும். மற்றொன்றில் வெற்றுச் சுவர் வேகும். முதல் வரிசைக்குத் தாழ்வாரமும் ஜன்னல் தட்டியும் வேண்டும். இரண்டாம் வரிசைக்குக் கொடிப்பந்தலும் மரமும் வேண்டும். எல்லாருக்கும் ஒன்றே என்று ஒரே சாமானை வாங்கிப் பகிர்ந்தால் சமநீதி போலத் தோன்றும். பாதிப் பணம் பயனின்றிப் போகும்.

பழைய அரசு வீடுகளைப் பழுதுபார்க்கும் திட்டத்தை மாநில அரசு 2024-இல் அறிவித்தது. பழுதுபார்ப்புக்காக ஒரு வீட்டின் பூச்சை உடைக்கும் நாளே அதன் ஜன்னலையும் சுவர்க் காப்பையும் சரி செய்வதற்கு உரிய நாள். அந்த நாள் தவறினால் இன்னொரு தலைமுறை காத்திருக்க நேரும். ஆகையால் ஒவ்வொரு ஊராட்சியும் ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டு எண், மேற்குப் பார்த்த சுவர் எது, கூரையின் நிலை, ஜன்னல்களின் எண்ணிக்கையும் பரப்பும், வீட்டில் முதியவர், கைக்குழந்தை, படுக்கையில் கிடக்கும் நோயாளி உண்டா என்ற ஐந்து விவரங்கள் போதும். அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வாசியுங்கள். எவர் வீட்டில் முதலில் வேலை தொடங்குவது என்பதைச் செல்வாக்கைக் கொண்டு முடிவு செய்யாமல், ஐந்தாம் விவரத்தைக் கொண்டு முடிவு செய்யுங்கள். பொருள் வாங்கும்போது மூன்று இடங்களில் விலை கேட்டு, கணக்கைச் சபையின் முன் வையுங்கள்.

நண்பர்களே! சுண்ணாம்பும் மூங்கிலும் கோவைக்கொடியும் நமக்குப் புதியவை அல்ல. திண்ணையும் தாழ்வாரமும் நம் முன்னோர் அறிந்தவை. காரை வீட்டுக்கு மாறிய வேகத்தில் அவற்றைக் குடிசையுடன் சேர்த்துக் கைவிட்டோம். காரையின் உறுதியை வைத்துக்கொண்டு, அந்த நிழலை மீண்டும் சேர்ப்பதே நம் முன் நிற்கும் பணி. வரும் மாசிக்குள் ஒவ்வோர் ஊரிலும் குறைந்தது ஒரு தெருவிலாவது கூரைகளுக்கு வெள்ளையடித்து, மேலைச் சுவர்களுக்கு நிழல் தந்து, இரவில் திறக்கக்கூடிய ஜன்னல்களை அமைத்துக் காட்டுவோம். அடுத்த தெரு அதைப் பார்த்துத் தானே தொடங்கும். இதில் ஐயம் எழுந்தால் ஒன்றிய அலுவலகத்தின் கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது. பொறியாளரும் பணி மேற்பார்வையாளரும் உங்கள் ஊருக்கு வந்து வீட்டைப் பார்த்து யோசனை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.